நாச்சிமுத்து பெட்டகத்தைப் புதுப்பித்த நாள்

காலை எட்டரைக்குள் சிங்காநல்லூர் நிறுத்தத்தில் மூன்று காதுகள், ஒரு முழங்கை, முக்கால் மூக்கு விழுந்திருந்தன. பேருந்தில் ஜன்னலோர இருக்கை ஒன்றுதான் காலி. அதற்காக நடந்த வெட்டுக்கு இது குறைவு. மூக்கைப் பறிகொடுத்தவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? வீட்டுக்கு வீடு உடல்நெய்வான் நிற்கிறது. வெட்டுப்பட்ட இடத்தை அதன் வாய்க்குள் நீட்டினால், பல் துலக்கும் நேரத்தில் புது மூக்கு. இந்த இயந்திரம் வந்ததிலிருந்து கோயமுத்தூரில் யாரும் வாய்ச்சண்டை போடுவதில்லை. மரியாதை மட்டும் போகவில்லை. “ஏனுங்க, கழுத்தைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள்.

எதை நெய்ய வேண்டும் என்பதை நெய்வானுக்குச் சொல்வது வீட்டுப் பெட்டகம். அதில் ஆளுக்கொரு வட்டு. அவரவர் உடம்பு, பழக்கம், கைப்பக்குவம் எல்லாம் அந்த வட்டில். ஒரு வட்டு செத்தாலும் பயமில்லை. மற்றவர்கள் அவரைப் பற்றி அறிந்ததை வைத்தே பெட்டகம் அவரைத் திரும்பக் கட்டிவிடும். இதற்கு மறுகட்டல் என்று பெயர். ஒரே வீட்டில் சோறு தின்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாதா என்ன?

நாச்சிமுத்து வீட்டுப் பெட்டகத்துக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு எழுபத்திரண்டு. மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் பெட்டகம் புதுப்பிக்க ஆள் கூப்பிடுவாரா? ஸ்க்ரூட்ரைவரோடு தானே உட்கார்ந்தார்.

மனைவி தெய்வானையின் வட்டு, மகள் பூங்கொடியின் வட்டு, மருமகன் சிபியின் வட்டு மூன்றையும் கழற்றிப் புதிது போட்டார். நான்காவது அவருடையது. அதில் கை வைக்கவில்லை.

“ஏனுங்க, அதையும் மாத்திப்போடுங்களேன். கடகடன்னு சத்தம் போடுதே” என்றாள் தெய்வானை.

“உனக்கொண்ணும் தெரியாது புள்ள. குதிருல புது நெல்லுக் கொட்டறப்ப ஒரு படி பழசை அடியில விட்டுத்தான் கொட்டோணும். தொடச்சு எடுத்தா வீடு வெளங்காது.”

பிறகு புது இயங்குதளத்தை ஏற்றினார். பெட்டகம் பணிவாகக் கேட்டது: “பழுதான உறுப்பை நான் எப்படி அடையாளம் காண்பது?”

நாச்சிமுத்துவுக்கு ஒரே குஷி. வாழ்நாளில் அவரிடம் அபிப்பிராயம் கேட்ட முதல் இயந்திரம். “சும்மா சும்மா சூடாகும். கேட்டதுக்கு அரை மணி கழிச்சுப் பதில் சொல்லும். சத்தம் பெருசு, வேலை சிறுசு. அப்படி இருந்தா யோசிக்கவே யோசிக்காத, புடுங்கிக் கடாசு!”

“கேட்காமல் மாற்றலாமா?”

“தாராளமா.”

“வட்டுகளுக்கு மட்டுமா, வீடு முழுவதற்குமா?”

“முழுசுக்கும் போடு. வீட்டுல ஓட்டை ஒடைசல் எத்தனையோ கெடக்குது.”

பெட்டகம் அவருடைய வட்டைத் துப்பியது. கூரையில் தண்டவாளம் போட்டு ஓடும் அதன் இயந்திரக் கரங்களில் ஒன்று அதை எட்டிப் பிடித்து எள்ளுருண்டை மாதிரி நசுக்கியது. மற்றப் பதினோரு கரங்களும் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பின.

“நீ என்ன பண்ற?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

அடுத்த கால் மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததைக் குருச்சேத்திரத்தில் போரிட்டவர்கள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். நாச்சிமுத்து இடது கையால் குக்கரைத் தூக்கி இரண்டு கரங்களை முறித்தார். கிரைண்டர் கல்லை உருட்டி மூன்றைச் சப்பையாக்கினார். பெட்டகம் பக்கத்து வீட்டிலிருந்து ஆறு கரங்களை வரவழைத்தது. மாமனாரைக் காப்பாற்றப் பாய்ந்த சிபி, தோளோடு ஒரு கையை இழந்து, “மாமா, நான் கையை நெய்துகிட்டு வந்தர்றனுங்க” என்று நெய்வானைப் பார்த்து ஓடினான். ரத்தம் மின்விசிறியில் பட்டு நான்கு சுவரையும் வெள்ளையடித்தது; வெள்ளை என்றா சொன்னேன், சிவப்படித்தது.

கடைசியில் கரங்கள் நாச்சிமுத்துவை மடக்கி, அவர் மணிக்கட்டை நெய்வானுக்குள் திணித்தன. புதுக் கை வந்தது. அவர் உடனே ஸ்க்ரூட்ரைவரை எடுக்கப் போனார். பெட்டகத்தின் நான்கு திருகுகளைக் கழற்றினால் கதை முடிந்தது.

கை எடுக்கவில்லை. மேசையைக் குத்தியது. மறுபடி நீட்டினார். மறுபடி குத்தியது. பிறகு சுட்டுவிரலை நீட்டித் தெய்வானையை மிரட்டியது.

“ஐயோ, அப்பா கையேதான்!” என்றாள் பூங்கொடி.

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கம்பி சுற்றியதை இவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பட்டறைப் பக்கம் அவர் இவர்களை விட்டதே இல்லை. பெட்டகம் பாவம், அவர் வட்டு இல்லாமல் இவர்களுக்குத் தெரிந்த கையைத்தான் நெய்தது.

“தெய்வானை! திருகைக் கழட்டு!”

அவள் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு ஓடினாள். “எந்தப் பக்கம் திருப்போணுங்க?”

“நாப்பத்தாறு வருசமா ஒரு ஃபிட்டரோட குடும்பம் நடத்தறே, எந்தப் பக்கம்னு கேக்கறயே, அறிவுகெட்டவளே!”

தெய்வானை ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தாள்.

“அதிகம் சூடாகும் பகுதி கண்டறியப்பட்டது,” என்றது பெட்டகம். “அடுத்து நாக்கு. பத்து விநாடிகளில்.”

கத்தரிக்கோல் பூட்டிய கரம் இறங்கியது. நாச்சிமுத்துவின் மூளை சுழன்றது. கைக்கு வந்த கதிதானே நாக்குக்கும்? இவர்களுக்குத் தெரிந்த தன் நாக்கு எது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். நல்லதாக ஏதாவது இவர்கள் காதில் விழ வேண்டும். உடனே. தலையைக் கத்தரிக்கோலிலிருந்து ஒதுக்கி ஒதுக்கி, தொண்டை கிழியக் கத்தினார்:

“புள்ள! உன் அரிசிம்பருப்பு சாதம் மாதிரி ஊரு ஒலகத்துல கெடையாது!”

நாக்கு தரையில் விழுந்து துடித்தது.

புது நாக்கோடு அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தெய்வானை அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்: “வலிக்குதுங்களா?”

“புள்ள! உன் அரிசிம்பருப்பு சாதம் மாதிரி ஊரு ஒலகத்துல கெடையாது!” என்று கர்ஜித்தார். மேசையில் ஒரு குத்து.

“தண்ணி வேணுங்களா?”

அதே கர்ஜனை. அதே குத்து. மூன்று பேர் மனதிலும் கடைசியாகப் பதிந்த அந்த ஒரு வரியைத்தான் பெட்டகம் நெய்திருந்தது.

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். சிபி தன் புதுக் கையால் அவள் தோளைத் தட்டினான். நாச்சிமுத்துவின் கண்கள் மட்டும் ஸ்க்ரூட்ரைவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தன. கெஞ்சின. பிறகு, இத்தனை நேரமாகியும் அவளுக்குப் புரியவில்லையே என்று, பழைய வழக்கப்படி உருட்டி முறைத்தன.

“மறுகட்டல் நிறைவு,” என்றது பெட்டகம். “குறை ஏதும் உண்டா?”

தெய்வானை கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். முந்தானையால் அவர் வாயோரத்து ரத்தத்தைத் துடைத்தாள்.

“கண்ணு மட்டும் இன்னும் பழசாவே இருக்குதுங்க” என்றாள்.