சீட்டுக்குப் போட்ட தோல்

திங்கட்கிழமை காலை யூஜின் கண்ணாடி மூடியைத் தூக்கியபோது காரின் டிரைவர் சீட் வியர்த்திருந்தது.

ஒரு சாண் நீள பிளாஸ்டிக் கார் அது. மேல்மூடி இல்லாத அமெரிக்க வண்டி, ரத்தச் சிவப்பு. அதன் சீட்டில் கடுகைவிடச் சின்னதாக நீர்முத்துகள். தொம்மலூரில் ஜூலை மாதத்தில் எதுதான் ஈரமில்லை? உப்பு ஜாடி கசிகிறது, போட்ட சட்டை காய மூன்று நாளாகிறது. ஆனால் பக்கத்து சீட் வெறும் பிளாஸ்டிக்காக, உலர்ந்து கிடந்தது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்து மோந்து பார்த்தான். நெரிசலான பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கிற ஆளின் அக்குள் வாடை. வஜ்ரப் பசை புளித்துவிட்டது போல என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

யூஜின் விமானத் தொழிற்சாலையில் டிராயிங் போடுகிறவன். கோலார் தங்கவயல்காரன். கல்யாணமாகி மூன்று வருஷம், வீட்டில் அவனும் ஜூடித்தும்தான். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் சவரிமுத்து போன கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே துண்டு துண்டாக ஒரு கார். பிய்த்து, உரசி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டியது. அன்றிலிருந்து யூஜின் மனுஷனாக இல்லை. விளையாட்டுச் சாமான் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. பெட்டியில் வந்ததை வந்தபடி ஒட்டினால் அது என்ன திறமை என்பான். ஜூடித்தின் வளையல் பெட்டி வெல்வெட்டைக் கிழித்துக் காருக்குக் கம்பளம் விரித்தான். மிச்சப் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து, மயிரிழை கனத்தில் ரேடியோ ஏரியல் செய்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை கிளப்பில் கைவேலைக் கண்காட்சி. போன தடவை கூட வேலை பார்க்கும் கஸ்தூரிரங்கன் தீக்குச்சியில் கோபுரம் கட்டிப் பரிசுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது இன்னும் அவன் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

அவனைப் பாடாய்ப்படுத்தியது சீட்தான். நிஜத் தோல் போட வேண்டும் என்று பிடிவாதம். பர்ஸ் தோல், கைப்பைத் தோல், பழைய செருப்பு, எதை எவ்வளவு சீவினாலும் துளைகள் பெரிது பெரிதாகத் தெரிந்தன. அந்த அளவுக் காரில் வைத்துப் பார்த்தால் எருமையை உரித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஜூன் கடைசியில் அல்சூர் கிருஷ்ணப்பாவின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனான். கிருஷ்ணப்பா சாப்பிடப் போயிருந்தார். பின்பக்கம் புங்கமரத்தடியில், லாரியில் மோதித் தீப்பிடித்த ஒரு கார் முகம் நசுங்கி நின்றது. எட்டிப் பார்த்தான். டிரைவர் சீட்டின் முதுகில், கரிக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் பழுப்பாகத் தப்பியிருந்தது. நகத்தால் நெம்பினான். வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அவ்வளவு மெல்லிசு. துளைகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் தேடி அலைந்தது அதைத்தான். கேட்டிருந்தால் கிருஷ்ணப்பா கொடுத்திருப்பார். கேட்கப் பொறுமையில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஒரு சீட்டுக்குத்தான் தேறியது. துண்டில் ஒரு காசு மாதிரி வட்டமாகத் தழும்பு ஒன்று, உள்ளே சின்னச் சின்னக் குழிகளோடு. நல்ல சீட்டுகளில் நடுவே பட்டன் அமுக்கியிருப்பார்களே, அதைப் போலவே இருந்தது. அதைச் சரியாக முதுகின் நடுவில் வரும்படி வெட்டினான். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது சின்னச் சாமானை உதட்டில் இடுக்கிக்கொள்வது அவன் பழக்கம். தோல் விறைத்தால் எச்சிலில் நனைத்துப் பதப்படுத்துவதும் பழக்கம். அன்று அரைமணி நேரம் அந்தத் துண்டு அவன் வாயில் இருந்தது. லேசாக உப்புக் கரித்தது.

ஒட்டி முடித்த மறுநாள்தான் ஜூடித்துக்கு இடது கையில் அரிப்பு ஆரம்பித்தது.

முதலில் முழங்கைக்கு மேலே ஒரு சிவப்பு. இரண்டு நாளில் அது ஈரமாயிற்று. டாக்டர் பசை வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊதா மருந்து கொடுத்தார். ஊதாவுக்குக் கீழே தோல், கொதித்து ஆறிய பாலின் ஏடு மாதிரி, விளிம்பில் சுருண்டு கிளம்பியது. புதன்கிழமை குழம்பில் கறித்துண்டைப் பார்த்ததும் ஜூடித் எழுந்து ஓடி வாந்தியெடுத்தாள்.

"என்னங்க, அந்தச் சனியனைத் தூக்கிக் கடாசுங்க. கண்ணாடி போட்டு மூடினாலும் நாறுது. மயிரைத் தீயில பொசுக்கின மாதிரி."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ ஜூடி. கண்காட்சி முடிஞ்சதும் வீட்ல ஒரு சொட்டு பசை இருக்காது."

"அதுக்குள்ள என் கை இருக்குமா?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். இருந்தும், நாலே நாள்தானே என்றான். சீ, அவனும் ஒரு புருஷன்!

வியாழக்கிழமை சீட்டில் ஒரு மயிர் நின்றது. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்தது என்று இடுக்கியால் பிடித்து இழுத்தான். வரவில்லை. தோல் கூடவே கூம்பி எழுந்தது. அழுத்தி இழுத்தபோது நுனியில் வெள்ளை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. இருந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாகக் கசிந்தது. பெயின்ட் கரைகிறது என்று விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கித் துடைத்தான். பிறகு அதே விரலைப் பழக்கதோஷத்தில் மறுபடி நாக்கில் வைத்தான். இரும்பு ருசி. வாயைக் கொப்பளித்தான். நாலு தடவை கொப்பளித்தான்.

சனிக்கிழமை அரைநாள் லீவு. பக்கத்து சீட்டுக்கு இன்னொரு துண்டு கிடைக்காதா என்று தூறலில் நனைந்துகொண்டே அல்சூருக்கு சைக்கிளை மிதித்தான். அந்த மயிரைப் பிடுங்கின பிறகும் போனான். அவனுக்கு அந்தக் கோப்பை அப்படி வேண்டியிருந்தது.

கிருஷ்ணப்பா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே தன் கன்னடத் தமிழில் கேட்டார். "எந்தக் காடி சார், பின்னாடி நிக்குதே அதா?"

"அதான். டிரைவர் சீட்ல லெதர் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. போன மாசம் ஒரு துண்டு எடுத்துட்டுப் போனேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"லெதரா? அதுல லெதரே இல்ல சார். பூரா துணி சீட். நான்தானே ரெண்டு வர்ஷம் முந்தி துணி மாத்திக் குட்தேன்."

"இல்லீங்க, நானே உரிச்சேன். பழுப்பா, மெல்லிசா, நடுவுல பட்டன் தழும்புகூட..."

கிருஷ்ணப்பாவின் கை நின்றது. அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையை மெல்லச் சுருட்டி, தோள்பட்டைக்குக் கீழே காட்டினார். காசு மாதிரி வட்டம். உள்ளே சின்னச் சின்னக் குழிகள். சின்ன வயதில் அம்மை குத்தின தழும்பு.

"இது மாதிரியா சார்?"

யூஜின் குனிந்து அந்தத் தழும்பைக் கிட்டத்தில் பார்த்தான்.

"அந்தக் காடி ஓட்டின ஆள் தீயில ஒட்டிக்கிட்டான் சார். சீட்டோட. எடுக்கறப்ப பாதி வர்ல." கிருஷ்ணப்பா ஒரு அடி பின்னால் போனார். "தேவரே! அதைப் போயி நீங்க என்னா பண்ணீங்க?"

அன்று அதை உதட்டில் இடுக்கிக்கொண்டிருந்தான். எச்சிலில் பதப்படுத்தியிருந்தான். யூஜின் புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். காலையில் தின்ற இட்லி வந்தது. பிறகு மஞ்சளாகத் தண்ணீர் வந்தது.  அப்போதும் நாக்கின் அடியில் அந்த உப்பு இருந்தது, போகவே இல்லை.

வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. மணி மூன்றுகூட ஆகவில்லை, ஆனால் மேகம் கவிந்து கூடம் மங்கிக் கிடந்தது. உள்ளறையில் ஜூடித் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கைக்கட்டு நனைந்திருந்தது. ஒரு ஈ அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"வந்துட்டீங்களா? எரிச்சல் நின்னுடுச்சுங்க," என்றாள் தூக்கக்கலக்கத்தில். "அந்த இடத்துல இப்ப ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

மேஜைக்குப் போனான். அடுப்பில் போட்டுவிட வேண்டும். இப்போதே. கண்ணாடி மூடியின் உள்பக்கம் ஆவி பிடித்திருந்தது, யாரோ உள்ளே மூச்சு விட்ட மாதிரி. தூக்கினான். வாடை முகத்தில் அறைந்தது.

டிரைவர் சீட் நனைந்து மினுங்கியது.

பக்கத்து சீட் பிளாஸ்டிக்காக இல்லை.

மாநிறம். பளபளவென்று, புதிதாக, சுருக்கமே இல்லாமல் இழுத்துப் போர்த்தியிருந்தது. யூஜின்கூட அவ்வளவு நறுவிசாக ஒட்டியிருக்க மாட்டான். முதுகின் நடுவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிறை வடு. ஜூடித் கான்வென்ட்டில் படிக்கும்போது கையில் இஸ்திரிப் பெட்டி சுட்டது. அந்த வடுவை அவன் எத்தனை தடவை முத்தமிட்டிருக்கிறான்!

விரல் நுனியால் தொட்டான். வெதுவெதுப்பு.

"ஐயோ, கையை எடுங்க," என்றாள் ஜூடித் உள்ளறையிலிருந்து. "ஜில்லுன்னு இருக்கு."

பிளேடை எடுத்தான். சீட்டின் ஓரத்தில் நுனியை வைத்தான். லேசாக. அவ்வளவுதான்.

உள்ளே அவள் அலறினாள்.

பிளேடு கீழே விழுந்தது. அடுப்பும் கிடையாது, பிளேடும் கிடையாது. அவனால் இனி ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே அரிசி அகல இடைவெளி விட்டிருந்தான், கியர் குச்சிக்காக. இப்போது அந்த இடைவெளி இல்லை. டிரைவர் சீட்டின் பழுப்பு விளிம்பு, ஈரமாக, மெதுவாக, குச்சியைச் சுற்றி வழிந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறிய இடத்தில் தையல் தெரியவில்லை.

"ஏங்க." ஜூடித்தின் குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க எங்க இருக்கீங்க?"

"கூடத்துல."

 உள்ளே ஈ ரீங்கரித்தது.

"அப்ப என் கையைத் தடவறது யாரு?"

  யூஜினின் கண்ணெதிரே பழுப்பு விளிம்பு பிறை வடுவைத் தொட்டது. அந்தச் சின்ன சீட் முழுவதும், புள்ளி புள்ளியாக, மயிர்க்கூச்செறிந்தது.