கொண்டைக்காரியும் வெட்டுத்துண்டும்

ஜீயபுரத்தில் காவிரி கரை மீறிக் கொல்லைக்குள் வந்துவிட்டது. பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஆனால் காளியாயிக்குச் சந்தோஷமே வரவில்லை. கொல்லைக் கொட்டகையில் அவளுடைய கோழி கொண்டைக்காரி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கூடையை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்துடலாமாம்மா?"

"இடம் மாத்தினா அது முட்டையில உக்காராதுடி" என்றாள் அம்மா.

கூடை செங்கல் அடுக்கின்மேல், தரையிலிருந்து பதினெட்டு அங்குல உயரத்தில் இருந்தது. காளியாயி காலை எட்டு மணிக்கே கோடு போட்ட குச்சி ஒன்றை அங்கே நட்டிருந்தாள். மணிக்கு இரண்டு அங்குலம் வீதம் தண்ணீர் ஏறியது.

பத்து மணிக்கு அண்ணன் வீரமலை ஓடிவந்தான். "நாலு மணிக்கு மேலணையில தண்ணியைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிடுவாங்களாம். அப்புறம் ஏறாது! எட்டுலேருந்து நாலு வரைக்கும் எட்டு மணி நேரம். ஈரெட்டுப் பதினாறு. கூடை பதினெட்டுல இருக்கு. போய் நிம்மதியாச் சாப்பிடு!"

காளியாயிக்கு ஏதோ இடித்தது. வரைபடத்தாளை எடுத்தாள். படுத்த கோட்டில் எட்டு மணியில் தொடங்கி நேரம், நின்ற கோட்டில் தண்ணீரின் உயரம். எட்டு, ஒன்பது, பத்து மணிக்கு மூன்று புள்ளிகள் வைத்து ஸ்கேலால் இணைத்தாள். நேர்கோடு!

"அண்ணே, உன் கணக்கு சைபர்லேருந்து கிளம்புது. என் கோட்டைப் பாரு, நிக்கிற கோட்டை நாலுல வெட்டுது. நான் குச்சி நடும்போதே நாலு அங்குலம் தண்ணி நின்னுச்சு. மணிக்கு ரெண்டு ஏறுதுல்ல, அது சாய்வு. இந்த நாலுதான் வெட்டுத்துண்டு. பதினாறோட நாலு..."

"இருபது!" வீரமலையின் முகம் வெளுத்தது. "மூணு மணிக்கே கூடையைத் தொட்டுடுமே!"

"துண்டு நல்லதா இருந்தா கோழிக்குப் போர்த்துங்க. பாவம், நடுங்குது" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் அம்மா.

காளியாயி சிரித்துவிட்டாள். உடனே ஒரு யோசனையும் வந்தது. கொண்டைக்காரி உச்சிவேளையில் ஒரே ஒரு முறை இரை தின்ன இறங்கும். இடத்தை மாற்ற வேண்டாம், உயரத்தை மாற்றினால் போதுமே!

பக்கத்துக் குட்டைச்சுவரின்மேல் கம்பு தானியத்தைத் தூவிவிட்டுக் காத்திருந்தாள். கொண்டைக்காரி சுவருக்குத் தாவியதும் அவள் கூடையைத் தூக்கினாள். வீரமலை அடியில் இன்னும் இரண்டு வரிசை செங்கல் அடுக்கினான்.

திரும்பி வந்த கோழி கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. காளியாயி மூச்சுவிடவில்லை. பிறகு அது முட்டைகளைக் காலால் ஒதுக்கி, மெல்ல உட்கார்ந்தது.

நாலு மணி. குச்சியில் தண்ணீர் இருபதில் நின்றது. ஐந்து மணிக்கும் அதே இருபதுதான்.

"அப்பாடா!" என்று வீரமலை குனிந்து கூடைக்குள் எட்டிப்பார்த்தான். கொண்டைக்காரி அவன் மூக்கில் ஒரு கொத்து கொத்தியது.

"ஐயோ! உனக்குச் செங்கல் தூக்கினதே நான்தான்!"

"உன் பதினாறு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு, அண்ணே" என்றாள் காளியாயி.