தண்டவாளம் இல்லாத ஊர்

பிளேன்டீக் கோப்பை தானாக நடுங்கியது. மேசையை யாரும் இடிக்கவில்லை, தெருவில் லொறியும் போகவில்லை. ஆனாலும் தேநீரின் மேல் வட்டம் வட்டமாக அலை விரிந்து விளிம்பைத் தொட்டது. பிறகுதான் அந்தச் சத்தம். கிழக்கே, வெகு தூரத்தில், கடகடவென்று.

ஸலாஹுதீன் பேனையை வைத்தார். ரயில் சத்தம் அவருக்குத் தெரியாதா? மாதம் தவறாமல் மருதமுனையிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், ரயில் கடவையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்து கவிதை எழுதுகிறவர். ரயிலைக் கோச்சி என்னும் ஊர் 'கோச்சிக் கவிஞர்' என்று கேலி செய்தால் உள்ளூரக் குளிர்ந்து போகிறவர். ஆனால் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. இந்த ஊருக்குக் கிழக்கே இருப்பது கடல் மட்டும்தான்.

காலை ஒன்பது மணியாகக் கொஞ்சம் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன்பும் இதே மார்கழி, இதே நேரம். அன்று அவர் கடவையில் நின்று ரயிலுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் ஏழு வயது மகள் றுஸ்தா, ரயிலையே கண்டிராத பிள்ளை. "கடகடண்டு சத்தம் கேட்டா அதுதான் கோச்சி, மகள். ஓடிப் போய்க் கை காட்டணும்" என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கடல் அன்று அந்தச் சத்தத்தோடுதான் வந்தது. ஊரே மேற்கே ஓட, பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு கிழக்கே ஓடியதாம். அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. மகளைப் பற்றி அவர் எழுதிய இரங்கற் கவிதைக்குப் பரிசு கிடைத்தது. அவள் ஏன் ஓடினாள் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்.

சத்தம் நெருங்கியது. அழுகிய சேற்று நாற்றம் வீட்டுக்குள் ஏறியது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

குசினியில் அடுப்பை விட்டு மனைவி றுஸ்னா வந்து நின்றாள்.

"கேக்குதா?"

"என்னது? ஒண்டும் கேக்கல்ல."

"இப்பயும் பொய். அண்டைக்கு என்ட கையை உதறிப்போட்டுத்தான் ஓடினவ. 'உம்மா, வாப்பாட கோச்சி வருது' எண்டு."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு இருந்தன். இருவது வருஷம்." அவள் கதவுத் தாழ்ப்பாளை இழுத்தாள். "பாக்கத்தானே ஆசை? போய்ப் பாருங்க."

அவர் வாசலில் இறங்கினார். முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

தென்னைகளுக்கு அப்பால் கடல் இல்லை. ரயில் பெட்டிகள். கறுத்து, நீர் ஒழுகி, ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே ஜன்னல் மட்டத்துக்கும் மேலே சேற்றுத் தண்ணீர். கண்ணாடி தோறும் அப்பிய உள்ளங்கைகள். ஒன்றும் அசையவில்லை.

கடைசிப் பெட்டி.

ஒரு சின்னக் கை. ஆடிக்கொண்டிருந்தது. அவர் சொல்லிக் கொடுத்தபடியே.

ரயில் வேகம் குறைந்தது. கடைசிப் பெட்டி வாசலுக்கு நேரே வந்தது. நின்றது.

கை ஆடுவதை நிறுத்தியது.

விரல்களை மடக்கி அவரைக் கூப்பிட்டது.