பச்சை ஆப்பிள் என்றார் சுவைஞர்

"என் மச்சினனை நீங்கதான் கையும் களவுமா பிடிச்சுத் தரணும்" என்றார் துப்பறிவாளரின் வீடு தேடி வந்தவர்.

அவர் ஒரு பெரிய ஒயின் நிறுவனத்தின் தலைமைச் சுவைஞர். ஒரு மடக்கு குடித்தால் எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லிவிடுவாராம். தொழிலில் அவருக்கு 'மூக்கு' என்றே பெயர். நேற்று அந்த மூக்குதான் அறுபட்டது. விலை பேச வந்த விருந்தாளிகள் முன்னால் மலைத்தோட்டத்து வெள்ளை ஒயினைச் சுவைத்து, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் என்று வாயாரப் புகழ்ந்திருக்கிறார். நம்பிக் குடித்தவர்கள் அத்தனை பேரும் துப்பிவிட்டார்கள். தக்கையில் பூஞ்சை பிடித்த ஒயின். ஊறிப்போன அட்டையின் நாற்றம். பாட்டில் திறந்து ஊற்றுகிறவர் அவருடைய மனைவியின் தம்பிதான். தனக்கு மட்டும் நல்லதையும் விருந்தாளிகளுக்குக் கெட்டதையும் ஊற்றி மானத்தை வாங்கிவிட்டான், நிரூபித்தால் இன்றே முதலாளி அவனைத் துரத்திவிடுவார் என்று பொரிந்து தள்ளினார்.

அதற்குள் உள்ளே அடுப்பில் பால் கருகி, நெடி கூடத்துக்கே வந்துவிட்டது. துப்பறிவாளரின் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அண்ணனுக்கு உதவியாளரும் அவள்தான், அவசரக்குடுக்கை. சுவைஞர் பேச்சை நிறுத்தவே இல்லை.

"மச்சினன்தான் அண்ணா, சந்தேகமே இல்ல" என்று ஒயின் நிறுவனத்துக்குப் போகும் வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள் தங்கை.

சுவைக்கும் அறையில் மைத்துனர் தலைகுனிந்து கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் நிதானமாக விசாரித்தார். வழக்கமாகப் பின்கட்டில்தான் பாட்டில்களைத் திறப்பாராம். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, கெட்டதைக் கொட்டிவிடுவாராம். நேற்று மட்டும் விருந்தாளிகளின் கண்ணெதிரே திறக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. ஒரே பாட்டிலிலிருந்துதான் மேசையைச் சுற்றி எல்லாருக்கும் ஊற்றியிருக்கிறார், முதலில் சுவைஞருக்கு. தங்கையின் முகம் தொங்கிப்போயிற்று.

துப்பறிவாளர் சுவைஞரிடம் திரும்பினார். "புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். ஆப்பிளும் அட்டையும் மூக்குக்குத்தான் தெரியும். எங்க வீட்ல பால் கருகினப்ப நீங்க முகத்தைக்கூடச் சுளிக்கல. உங்களுக்கு வாசனை போயிடுச்சு சார். கொஞ்சம் கொஞ்சமா போனதால உங்களுக்கே தெரியல. மூக்கு விட்டதை ஞாபகம் இட்டு நிரப்புது."

சுவைஞர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நேற்று மிஞ்சிய பாட்டிலை எடுத்து, கோப்பை நிறைய ஊற்றி, ஆழமாக முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். எதிரே நின்ற தங்கை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று மைத்துனரைக் கேட்டார்.

"ரெண்டு வருஷமா தெரியும் அத்தான். கெட்ட பாட்டில் உங்க கைக்கு வராம பாத்துக்கிட்டேன். நேத்து முடியல."

"உன் அக்காவுக்கு?"

"அக்காதான் எனக்கே சொன்னா. காஸ் கசிஞ்சு வீடெல்லாம் நாறுது, நீங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்களாம். அன்னிலேருந்து உங்களை வீட்ல தனியா விடவே பயப்படுறா."

சுவைஞர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மாடியிலிருந்து முதலாளி கூப்பிடுவது கேட்டது. ஆள் அகப்பட்டானா என்று தெரியவேண்டுமாம். மைத்துனர் துணியைக் கீழே வைத்தார்.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன் அத்தான். உங்க பேராவது நிக்கட்டும்."

"வாயை மூடு" என்றார் சுவைஞர். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். யாரையும் கூட வரவிடாமல் மாடியேறிப் போய், முதலாளியின் கதவைத் தானே தட்டினார்.