உடையும் நொடிக்கு அதிகாரி இல்லை

"சாயங்காலத்துக்குள்ள என் கூடத்துக்குப் பூட்டு விழுந்துடும் சார்!" என்றபடி உள்ளே வந்தார் முட்டை உடைக்கும் கூடத்தின் முதலாளியம்மா. முட்டைகளை உடைத்துக் கலக்கி, கேக் கடைகளுக்குக் குடம் குடமாக அனுப்புவது அவர் தொழில். அன்று காலை, கலவை மொத்தமும் நாறிவிட்டது.

ஊரே 'நிதானம்' என்று அழைக்கும் துப்பறிவாளர், தொடங்கிய கொட்டாவியை முழுதாக முடித்தார். உதவியாளன் 'அவசரம்' அதற்குள் வாசலில் நின்றான்.

கூடத்தில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். உடையாத முட்டை ஓர் இலாகா. உடைந்த முட்டை வேறு இலாகா. கோழி மூன்றாவது இலாகா. நல்லவேளை, அது வரவில்லை.

"ஓட்டுக்குள்ள இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. என் முத்திரையே இருக்கே!" என்றார் முழுமுட்டை அதிகாரி.

"அப்போ இங்கே உடைச்சப்புறம்தான் கெட்டிருக்கு. பூட்டிட வேண்டியதுதான்," என்றார் உடைமுட்டை அதிகாரி.

"உடையற அந்த நொடி யாரோடது சார்?" என்றான் அவசரம். இருவரும் அவனைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

முட்டை அனுப்பியவர் முதலாளியம்மாவின் கொழுந்தன். அவரும் அங்கேதான் நின்றார். "விடியக்காலை எடுத்தது அண்ணி, கோழிச்சூடுகூட ஆறலை. பண்ணையிலேயே முத்திரை போட்டு நேரா கொண்டாந்தேன். உங்க ஆளுங்க கை சுத்தமில்லைன்னா நான் என்ன பண்ண?"

உடைக்காத மீதி முட்டைத் தட்டுகளை, விளக்கொளியில் முட்டை சோதிக்கும் இருட்டறைக்குக் கொண்டுபோனார்கள். விளக்கின் முன் ஒவ்வொரு முட்டையும் குட்டி நிலாவாக எழுந்து மறைந்தது. அவசரத்துக்குத் தன் கால்கள் தரையில் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வந்தது. எல்லா நிலாவிலும் நீல முத்திரை, தூக்கத்தில் போட்ட கையெழுத்துபோல் கலங்கியிருந்தது.

நிதானம், கூடத்துக் குளிர் அறையிலிருந்து முந்தைய வாரத்து முட்டை ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதற்கு வேர்த்தது. விரலால் தேய்த்தார். முத்திரை அசையவில்லை.

"காஞ்ச மை, ஓடு வேர்த்தாலும் கலையாது. வேர்த்த ஓட்டுமேல குத்தினாத்தான் பரவும். கோழிச்சூடு ஆறாத முட்டைக்கு ஏன் வேர்க்குது? குளிர்ல கிடந்து வெளியே வந்த முட்டைக்குத்தான் வேர்க்கும். தம்பி, உங்க பண்ணையிலயும் குளிர் அறை இருக்குல்ல?"

"முத்திரை குத்தினது அதிகாரி! அவரைக் கேளுங்க!"

"நானா? முத்திரை உங்க மேசையிலதானே இருக்கு! பண்ணை வாடை எனக்கு ஒத்துக்காதுன்னு…" என்ற முழுமுட்டை அதிகாரி, சொன்னதைத் திரும்ப விழுங்கப் பார்த்தார். வார்த்தை என்ன முட்டையா, ஓட்டுக்குள் திரும்பிப் போக?

கொழுந்தன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "விக்காம மாசக்கணக்கா தேங்கிடுச்சு அண்ணி. கொட்ட மனசு வரலை. நம்ம வீட்டுக் கூடம்தானே, கலக்கிட்டா தெரியாதுன்னு…"

"அப்படின்னா ஓட்டுக்குள்ளேயே கெட்டது. என் இலாகாவே இல்லை!" உடைமுட்டை அதிகாரி, காதல் கடிதம் வந்தவர்போல் சிரித்துக்கொண்டு பூட்டைப் பைக்குள் போட்டார்.

முதலாளியம்மா நீளமாக மூச்சு விட்டார்.

"தம்பி, உங்க அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

கொழுந்தன் முகம் மலர்ந்தது.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. இப்பவே. எனக்குக் கலவைக் கொப்பரை கழுவணும்."