அரை விநாடி விளக்கு

இருபத்து மூன்றாவது கொண்டையூசி வளைவில் விளக்கு மறுபடியும் எரிந்தது. ரெஜினா கண்ணை இறக்கிப் பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது.

அரை விநாடிதான் எரிந்திருக்கும். ஆனாலும் அவள் கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள். வேகமானிக்குக் கீழே, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு. பின்னால் பதினோரு பேர் மூடுபனியைப் பார்த்தபடி அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். எல்லோரும் வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள். வாரத்துக்கு மூன்று நாள் போயே ஆகவேண்டும். மலையில் பனி இறங்கிவிட்டால் ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டிகள் அடிவாரத்திலேயே நின்றுவிடும்; அவற்றின் கண்ணுக்குப் பனி ஒரு சுவர். அதனால்தான் டீசல் வண்டிகளை எல்லாம் உடைத்துப் போட்ட பிறகும் ரெஜினாவின் இந்தக் கிழட்டு வேனுக்கு மட்டும் சிறப்பு உரிமம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த பாக்கியநாதன். ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருஷம் ஆகிறது.

"ஒண்ணுமில்லண்ணே. கண்ணு கூசுது."

பொய். இரண்டு மாதமாக இந்த விளக்கு அவளைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

நோயாளிகள் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடப்பார்கள். அந்த நேரத்தில் வண்டியை ஹக்கீம் பாயின் பட்டறையில் கொண்டுபோய் விடுவாள். பொள்ளாச்சியில் டீசல் எஞ்சினைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் சலிக்காமல் பார்த்தார். முதல் வாரம் சோதனைக் கருவியை மாட்டினார். 'பிழை ஏதுமில்லை' என்றது. அடுத்த வாரம் விளக்கின் பல்பை மாற்றினார். பிறகு எர்த் ஒயரைச் சுரண்டித் துருவை எடுத்துக் கட்டினார். மழைத் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று ஒயர்க் கட்டை முழுக்கப் பிரித்து உலர்த்தினார். கடைசியில் விளக்கை எரியவைக்கும் சுவிட்சையே புதிதாகப் போட்டார். அப்படியும் வளைவுகளில் விளக்கு வந்து வந்து போனது.

"இப்பல்லாம் எந்த வண்டியிலயும் விளக்கே எரியறதில்ல தங்கச்சி," என்று அவர் தலையைச் சொறிந்தார். "உன் வண்டி ஒண்ணுதான் கண்ணடிக்குது."

அது உண்மை. தணிப்பான் வந்த நாளிலிருந்து ஊரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை, மணி அடித்துக் கேட்டதில்லை. அதற்கு முந்தைய காலத்தை ரெஜினா மறக்கவில்லை. வண்டி கத்தும், அடுப்பு கத்தும், கைக்காப்பு கத்தும், தண்ணீர்த் தொட்டிகூடக் கத்தும். நூறில் தொண்ணூறு ஒன்றுமில்லாத கத்தல். ஜனங்கள் தூக்கம் கெட்டு, மனம் கெட்டு, எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டார்கள். அப்போதுதான் தணிப்பானைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு எச்சரிக்கையையும் அது எடைபோடும். இதைச் சொன்னால் இந்த மனிதருக்கு நன்மை அதிகமா, பதற்றம் அதிகமா என்று பார்க்கும். பதற்றம் அதிகமென்றால் விழுங்கிவிடும். மனிதர்களுக்கு மணிக்கட்டில் ஒரு காப்பு, வண்டிகளுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. சட்டப்படி எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும்.

வீட்டில் அருளப்பனிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் பொழுது சாயும் நேரத்தில் வண்டிக்குள் குனிந்து அவளுக்கு டார்ச் பிடித்தார். தேயிலை ஆலையில் வேலை பார்த்து, நெஞ்சுவலி வந்து, இப்போது வீட்டோடு இருந்து வேனுக்கு ஆள் பதிவு செய்கிறவர்.

"விடு ரெஜி. பழைய வண்டி. எங்கயாவது ஒயர் உரசும்."

"பிரேக் விளக்குங்க அது."

"பிரேக் நல்லாத்தானே பிடிக்குது? நீயா எதையாவது நெனச்சுப் பயந்துக்காத."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் அவர் டார்ச்சை ஆடாமல் பிடித்திருந்தார். அதில் உறுத்தல் கரைந்துபோனது.

பதினொன்றாவது வாரம் ஹக்கீம் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. "டேஷ்போர்டை நம்பிப் பிரயோஜனமில்ல," என்றவர், சுவிட்சிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து, சாம்பல் பெட்டிக்குள் போகாமல் ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு மொட்டை பல்பைத் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஆள் ஏற்றாமல், இருவரும் மலை ஏறித் திரும்பினார்கள்.

ஏறும்போது ஒன்றுமில்லை. இறக்கத்தில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, முப்பதாவது வளைவில் வலப்பக்கம் ஒடித்தாள். டேஷ்போர்டில் விளக்கு மின்னி மறைந்தது. தொங்கிக்கொண்டிருந்த மொட்டை பல்பு மட்டும் அணையவே இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஹக்கீம் எண்ணினார். இருபதைத் தாண்டியும் எரிந்தது. அடுத்த வளைவிலும் எரிந்தது. அதற்கடுத்த வளைவில் ரெஜினா பிரேக்கை மிதித்தபோது, மிதி கல்லாக நின்றது.

"பாய்! இறங்க மாட்டேங்குது!"

"கியரைக் குறை! ரெண்டு... ஒண்ணு! ஹேண்ட்பிரேக் நான் இழுக்கறேன், நீ மலைப்பக்கம் ஒடி!"

வண்டி மண்சரிவில் உரசி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு, முனகி நின்றது. இடப்பக்கம் பள்ளம். கீழே ஆழியாறு அணை ஒரு தகரத்துண்டு மாதிரி மின்னியது.  ரெஜினா பள்ளத்தைப் பார்க்கவில்லை. திரும்பிக் காலி இருக்கைகளைத்தான் பார்த்தாள். பதினோரு இருக்கை. அதற்கு முந்தின நாள்கூட பாக்கியநாதன் அங்கே உட்கார்ந்து பேரனின் கல்யாணக் கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

கோளாறு சின்னதுதான். டீசல் எஞ்சினுக்குத் தானாக உறிஞ்சு சக்தி கிடையாது. ஒரு சிறு பம்ப் காற்றை உறிஞ்சி பிரேக்குக்குப் பலம் கொடுக்கும். அந்த உறிஞ்சு குழாயில் விரல்கடை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. சூடாகி, வண்டி வலப்பக்கம் சாயும்போது எஞ்சின் அசைந்து வெடிப்பு வாய் திறக்கும். வெளிக்காற்று உள்ளே புகும். பிரேக் செத்துவிடும். வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்த பிறகு, ஹக்கீம் புதுக் குழாய் போட அரை மணி நேரம் ஆனது.

"சுவிட்ச் சரியாத்தான் சொல்லியிருக்கு. விளக்கும் சரியாத்தான் எரிஞ்சிருக்கு," என்றார் அவர் மெதுவாக. "எரிஞ்ச விளக்க யாரோ அணைச்சிருக்காங்க."

டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த சாம்பல் பெட்டியைக் கழற்றிக் கணினியில் மாட்டினார். புது வண்டிகளில் விளக்கு எரிவதற்கு முன்பே தணிப்பான் முடிவெடுத்துவிடும். இந்தப் பழைய வண்டியில் விளக்கு நேர் ஒயரில் முதலில் எரிந்துவிடும். பிறகுதான் பெட்டி எடைபோட்டு அணைக்கும். அந்த எடைபோடும் நேரம்தான் அரை விநாடி.

திரையில் வரிசையாக வந்தது. 'பிரேக் உறிஞ்சழுத்தம் குறைவு. விபத்து வாய்ப்பு நூற்றில் ஆறு. ஓட்டுநருக்குக் காட்ட வேண்டாம். தணிப்புப் படி: ஐந்து. செய்தி நலம்விரும்பிக்கு அனுப்பப்பட்டது.' இதே செய்தி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை.

படி உயர உயரத் தணிப்பான் விழுங்குவது கூடும்; சாதாரணமாக எல்லோரும் இரண்டாம் படியில் இருப்பவர்கள். ஐந்தாம் படிக்கு ஏற்ற வேண்டுமானால், அந்த ஆளை நேசிக்கிற ஒருவர் கைரேகை வைக்க வேண்டும்; அவர்தான் அந்த ஆளின் நலம்விரும்பி. ஹக்கீம் கடைசி வரியை வாய்விட்டுப் படிக்காமல் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

'நலம்விரும்பி: அருளப்பன். உறவு: கணவர்.'

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கேட்டாள்.

"என்னை அஞ்சாம் படியில போட்டது நீங்களா?"

அருளப்பன் மறுக்கவில்லை.  "அந்த மண்சரிவு விழுந்து, உன்கூட வேன் ஓட்டுன சகாயம் வண்டி உருண்டுச்சே, அந்த வருஷம். ராத்திரி ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவ. சோறு எறங்கல. காத்தடிச்சாக்கூட நடுங்குன. எனக்கு வேற வழி தெரியல ரெஜி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கும் பயப்படுவியே."

"சரி. பயந்துட்டுப் போறேன். ரெண்டரை மாசமா பிரேக் போச்சு, பிரேக் போச்சுன்னு உங்களுக்குச் செய்தி வந்திருக்கு. ஆயிரத்து நானூறு. அதை வச்சுக்கிட்டு எனக்கு டார்ச் பிடிச்சீங்களா? பதினோரு பேரை ஏத்திட்டுப் போறேன்னு தெரிஞ்சும் வாசல்ல நின்னு கையாட்டுனீங்களா?"

அவர் முகம் வெளுத்தது. "சத்தியமா எனக்கு ஒண்ணுகூட வரல. மாதா மேல ஆணை."

அவள் நம்பவில்லை. பெட்டி பொய் சொல்லாது, மனிதன் சொல்வான். நாலு நாள் அவரோடு பேசவில்லை. அவர் வைத்த காப்பியைத் தொடவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளுக்குச் சொன்ன ஒவ்வொரு 'ஒண்ணுமில்ல'வையும் எடுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எதன் அடியில் என்ன இருந்திருக்குமோ என்று நினைத்தபோது, தன் வீடே வேறு யாருடைய வீடோ போலத் தெரிந்தது. ஐந்தாம் நாள், "கிளம்புங்க, ஆபீசுக்குப் போய்க் கேட்போம்," என்று மட்டும் சொன்னாள்.

பொள்ளாச்சி தணிப்பு அலுவலகத்தில் நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் இருவரின் கைரேகையையும் வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"சார் சொல்றது சரிதாம்மா. செய்தி அவருக்குப் போயிருக்கு. ஆனா அவரோட காப்பு அதைத் தணிச்சிருக்கு. அவரும் அஞ்சாம் படிதான்."

"அவரா? அவரை யாரு போட்டது?"

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். "நீங்கதாம்மா."

ரெஜினாவுக்கு அந்த மருத்துவமனைத் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. அருளப்பனின் நெஞ்சில் குழாய் வைத்த அன்று. ஒரு கட்டுப் பத்திரம் நீட்டினார்கள். மற்றதையெல்லாம் படிக்காமல் கைரேகை வைத்தாள் என்று சொல்லிவிடலாம். இந்தத் தணிப்புப் பத்திரத்தை மட்டும் படித்தாள். இரண்டு முறை படித்தாள். தன் நெஞ்சைப் பற்றிய எச்சரிக்கையைக் கேட்டே இந்த மனுஷன் செத்துவிடுவார் என்று நினைத்து, தெரிந்தேதான் வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.

அருளப்பன் அவளைப் பார்த்தார். நாலு நாளாக அவள் அவரைப் பார்த்த அதே பார்வை.

"அப்ப அந்தச் செய்தியெல்லாம் யாருக்குத்தான் போச்சு?" என்று கேட்டாள் ரெஜினா. 

"உங்களுக்குத் தணிச்சது அவருக்குப் போகும். அவருக்குத் தணிச்சது உங்களுக்கு வரும். ரெண்டு பேரும் அஞ்சுன்னா..." அந்தப் பெண் கையை விரித்தாள். "யாருக்கும் போகாதும்மா. முக்கால்வாசி வீட்டுல இப்படித்தான். பாசமா இருக்கற வீட்டுலதான் இது ஜாஸ்தி."

பிறகு தயங்கி, "வண்டிச் செய்தியெல்லாம் கோளாறு சரியானதும் அழிஞ்சிடுச்சு. உங்களுக்கு வந்து நிக்கிறது இன்னும் இருபத்தேழு இருக்கு. எல்லாம் சாரைப் பத்துனது. போன மாசத்துலேர்ந்து வருது," என்றாள்.

"காட்டுங்க."

"உங்க படியை இறக்கணும். அதுக்கு சார் கைரேகை வேணும். அவரு படியை இறக்க உங்க கைரேகை."

அவர் படியை இறக்க, ரெஜினா ரேகைத் தட்டில் பெருவிரலை அழுத்தினாள். உடனே அருளப்பனின் காப்பு அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. அவர் மணிக்கட்டைத் தூக்கிப் படித்தார். உதடு அசையாமல், ஒவ்வொன்றாக, நின்றுகொண்டே படித்தார். இருபத்தேழையும் படிக்க ரொம்ப நேரம் ஆனது. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது.

"என்னங்க போட்டிருக்கு?"

அவர் சட்டைக் கையை இழுத்துக் காப்பை மூடினார். "பழசு ரெஜி. எல்லாம் முடிஞ்சு போனது. வா, போகலாம்."

அவள் நகரவில்லை. ரேகைத் தட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"விரலை வைங்க."

அருளப்பன் அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்புதான். பிறகு தன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.