சொந்த அலுப்பு

ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மூன்றாம் சுற்று முடிகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதைத் தாண்டும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று கோகிலவாணி தினமும் பார்த்துக்கொள்வாள். ஆறு மாதத்துக்கு முன்பு அந்த மரத்தடிக்கு வந்ததும் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இன்று வேகம் குறையாமல் தாண்டினாள். இடது முட்டி மட்டும் லேசாக முனகியது. நாளை ஓடுமுன் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகம் அவளை விட்டதே இல்லை. எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பாள்.

எதிரே வந்த ஒருவர் கையை உயர்த்தி, “குட்மார்னிங் மேடம்” என்றார். கோகிலவாணி தலையை மட்டும் அசைத்தாள். தேவையில்லாமல் ஒரு சொல் பேசக் கூடாது என்பது விதி.

வீடு திரும்பி, மாடியில் இருந்த பயிற்சி அறையில் எழுபது கிலோவைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்தாள். தொடைகள் சொன்னபடி கேட்டன. கண்ணாடியில், ஒட்ட வெட்டிய முடியும் இறுகிய தோளுமாக ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வியர்வை வழிய நின்றாள். நேரம் முடிந்துவிட்டது. வியர்வையைத் துடைத்துவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்களை மூடினாள்.

திறந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. எழுந்து உட்கார முடியவில்லை.

தொட்டிலின் ஓரத்தில் நின்ற உதவியாளர், பொறு என்று சைகை காட்டி, அவள் இடுப்பைச் சுற்றி வாரைப் பூட்டி மோட்டாரை அழுத்தினார். வார் அவளை மெல்ல இழுத்து நிமிர்த்தியது. இப்போது மூச்சு இரைத்தது. மேடை மேல் சர்க்கரைக் கஞ்சி காத்திருந்தது.

உடம்பு இளைக்க மாத்திரை, ஊசி என்று உலகம் வெகுகாலம் அலைந்தது. கொழுப்போடு தசையும் கரைந்து போன பிறகு பழைய உண்மைக்கே திரும்பி வந்தது: வேலை செய்தால்தான் தசை வளரும். ஆனால் வேலை வாங்குவது யார் என்று தசைக்குத் தெரியாது. பிடரியில் பதித்த, பதியம் என்ற சில்லு வழியாக ஓர் உடம்புக்குள் இன்னொருவர் இறங்கி அதை ஓட வைக்கலாம், எடை தூக்க வைக்கலாம். உடையவர் அந்த நேரம் உள்ளேயே உறங்குவார். விழிக்கும்போது உடற்பயிற்சி முடிந்திருக்கும். இப்படி அடுத்தவர் உடம்பை ஓட்டுபவர்களுக்கு உடலோட்டி என்று பெயர். கோயம்புத்தூரில் கோகிலவாணி வேலை பார்த்த நிலையத்தில் அறுபது தொட்டில்கள். அவளுக்குக் காலையில் மைதிலி மேடத்தின் உடம்பு, பிறகு மாலைவரை வேறு மூன்று.

இந்த இணைப்பில் ஒரு குறையை மட்டும் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. அதைக் கசிவு என்றார்கள். ஓட்டியின் சொந்த உடம்பில் இருக்கும் பசியும் அலுப்பும் மறுபக்கம் கொஞ்சம் ஒழுகும். ஓட்டி வெளியேறிய பின்பும் இரவுவரை அங்கேயே தங்கும். பசி கசிந்தால் வாடிக்கையாளர் அதிகம் தின்பார். ஆகவே ஒவ்வோர் உடம்பில் இறங்குமுன்னும் ஓட்டிகள் ஒரு பெரிய குவளைக் கஞ்சி குடித்தாக வேண்டும். அலுப்பு கசிந்தால் வாடிக்கையாளருக்கு உடம்பு வலிக்கும். ஆகவே வெளியே உடல் நோகும் வேலை எதுவும் செய்வதில்லை என்று ஓட்டிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர்கள் இளைக்க இளைக்க ஓட்டிகள் பருத்தார்கள். வாடிக்கையாளர்களின் எடை குறைவதைக் காட்ட நிலையத்தில் சுவர் அகலத்துக்குத் திரை இருந்தது. ஓட்டிகளின் எடையை யாரும் கேட்டதில்லை.

கோகிலவாணி தன்னையே அதைக் கேட்டுக்கொண்டது படிக்கட்டில்தான். உக்கடத்தில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒருநாள் லிஃப்ட் நின்றுபோனது. வீடு நான்காம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். அன்று காலையில்தான் மூன்று சுற்று ஓடியிருந்தாள். அந்த ஓட்டத்தின் ஒவ்வோர் அடியும் நினைவில் இருந்தது, கால்களில் மட்டும் இல்லை.

தொட்டில் வேலையில் இருப்பவர்களுக்கு வேறு தொழிலும் கற்றுத்தர வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதால், மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் அவர்களுக்கு மாலையில் கணக்கியல் வகுப்பு நடந்தது. டீச்சர் வரவு செலவை முடித்துக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். படிக்கட்டில் நடந்ததை ஒரு மாலை கோகிலவாணி பக்கத்துப் பெஞ்சு ஷபானாவிடம் சொன்னாள். ஷபானாவும் அதே நிலையத்தில் ஓட்டிதான். அவளுடைய அக்கா பத்து வருடம் ஓட்டிவிட்டு இப்போது குளியலறைக்குக்கூட ஆளைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். அதே நிலையத்தில் ஓட்டியான ராக்கியப்பன் பின்பெஞ்சிலிருந்து அதைக் கேட்டுவிட்டார்.

“எங்க மில்லு மொதலாளி ஒடம்புல நூறு கிலோவ அசால்ட்டாத் தூக்கறேன்” என்றார். “ஊட்டுல சிலிண்டர நவுத்தச் சொன்னா, எம் பொண்டாட்டியே நவுத்திக்கறா.”

மூவரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ராக்கியப்பன் ஆற்று மணலும் சாக்குப்பையும் கொண்டுவந்தார்.

முதல் மாலை கோகிலவாணிக்குப் பெரிய அவமானம். எப்படிக் குந்த வேண்டும், முதுகை எங்கே நிறுத்த வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் கையோடு குந்தியவள் அப்படியே பின்னால் விழுந்தாள். ஷபானா அவளைத் தூக்கப் போய் அவள் மேலேயே விழுந்தாள்.

எழுதி வைக்க வழியில்லை என்பது கோகிலவாணியை வதைத்தது. கைப்பேசியில் எழுதினால் நிலையம் படிக்கும். தாளில் எழுதினால் வாசலில் பையைத் துழாவுவார்கள். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. ஒருவருடைய எண்ணை, தூக்கும் எடையோ உடம்பின் எடையோ, அடுத்தவர் மனத்தில் வைத்துக்கொள்வது. ஷபானாவின் சாக்கில் மணல் அள்ளிப் போடுவது கோகிலவாணி, கோகிலவாணியின் சாக்கில் ராக்கியப்பன், ராக்கியப்பனுடையதில் ஷபானா. பள்ளிக்குப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறும்போதும் அப்படித்தான். ஏறுபவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அடுத்தவர்தான் முள்ளைப் பார்ப்பார்.

எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவளுக்குத் தன் எண் தெரியாமல் இருப்பது நரகம். “கொஞ்சமாச்சும் கொறஞ்சுதுங்களாண்ணா? பொய் சொல்லாதீங்க” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ராக்கியப்பன் சாக்கைக் கட்டியபடி, “தூக்கு அம்முணி” என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது. எண்ணைச் சொல்லியிருந்தால் அவள் பாதியிலேயே பயந்து இறக்கியிருப்பாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

கஞ்சியை மூவரும் பாதி குடித்துப் பாதியைத் தொட்டிலுக்கு அடியிலிருந்த வடிகாலில் விட்டார்கள். பாவாடை நாடாவில் முடிச்சு இடம் மாறியது. லிஃப்ட் ஓடும்போதே ஒருநாள் கோகிலவாணி படியேறி வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை தொட்டிலுக்குக் கிளம்ப எழுந்தபோது தொடையில் ஒரு வலி. ஒரு கணம் அது யாருடையது என்று விளங்கவில்லை. விளங்கியதும் கட்டிலில் உட்கார்ந்து அந்த இடத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

அந்த வலிதான் அவளை மாட்டிவிட்டது.

மேலாளர் நந்தகோபன் கத்துகிறவர் அல்ல. உட்காரச் சொல்லி, மைதிலி மேடம் புகார் கொடுத்திருப்பதைச் சொன்னார். மூன்று வாரமாகச் சாயங்காலம் கால் வலிக்கிறதாம், தான் செய்த பயிற்சியின் வலி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமாம், இது அது இல்லையாம். ஷபானாவின் வாடிக்கையாளரும் தோள் வலி என்கிறாராம். கோகிலவாணி மறுக்கவில்லை. நந்தகோபனுக்கு உண்மையிலேயே புரியாத ஒன்று இருந்தது. அதைக் கேட்டார்.

“ஒனக்கு எதுக்கும்மா தசை? நாள் பூரா படுத்துட்டுத்தான இருக்கற.”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் இதை நிறுத்திவிட்டு, கூட யார் யார் என்று சொல்லிவிட்டால் இத்தோடு போகட்டும் என்றார். இல்லாவிட்டால் அவளுடைய பதியத்தை அணைத்துவிடுவார்கள். அணைத்த பதியத்தை வேறெந்த நிலையமும் ஏற்காது. வீட்டில் சம்பளம் கொண்டுவருபவள் அவள் ஒருத்திதான்.

மாலை வகுப்பில் வரவும் செலவும் எதுவும் மண்டையில் ஏறவில்லை. டீச்சர் போனதும் விஷயத்தைச் சொல்லி, தான் விலகிக்கொள்வதாகச் சொன்னாள். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டாள். மணலையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடச் சொன்னாள். தன்னால்தான் எல்லாம் வந்தது, ஒருவேளை தான் அளவுக்கு மீறித் தூக்கியிருக்கலாம் என்றாள். ராக்கியப்பன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷபானா மட்டும் கேட்டாள். “சரி, போ. என் நம்பர யார்கிட்ட குடுத்துட்டுப் போற?”

ஷபானாவின் எண் கோகிலவாணிக்குள் பத்திரமாக இருந்தது. முதல் வாரத்து எண், நோன்பு மாதத்தில் குறைந்த எண், பிறகு அக்காவைத் தனியாகத் தூக்கி உட்காரவைத்த அன்றைய எண். அது உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

அவள் கரும்பலகைப் பக்கம் போய் நின்றாள். மெதுவாக, படிப்படியாக யோசிப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. மூன்று ஓட்டிகளிடமிருந்து வலி கசிந்தால் அந்த மூவரும் பழுது. பழுதைக் கழற்றிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அறுபது பேரிடமிருந்தும் கசிந்தால்?

“எல்லாத்தையும் எப்படிக் கழட்டுவாங்க?” என்று அவள் சத்தமாகவே கேட்டாள்.

ராக்கியப்பன் நிமிர்ந்தார். “அறுவது பேருக்கு நம்மகிட்ட மணலு இல்லியே அம்முணி.”

மணல் வேண்டாம், படி போதும் என்றாள் அவள். படி ஏற முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழட்டும். அதுவும் முடியாதவர்கள் சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தட்டும். எத்தனை தடவை என்று தானே எண்ணக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எண்ண வேண்டும். யாரும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

செய்தி தொட்டில் அறையில் வாய்மொழியாகப் போனது. உடை மாற்றும் இடத்தில், கஞ்சி வரிசையில், ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு. சிலர் திரும்பிக்கொண்டார்கள். ஒரு பெண் அழுதாள், தன்னால் நாற்காலியிலிருந்து எழவே முடியாது என்று. பக்கத்துத் தொட்டில்காரி, தான் கை கொடுப்பதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கோகிலவாணி நான்கு மாடியும் ஏறி இறங்கினாள். ஷபானா படியில் உட்கார்ந்து எண்ணினாள்.

திங்கட்கிழமை காலை மைதிலி மேடத்தின் உடம்பில் அவள் கண் விழித்தபோது தொடைகள் இரண்டும் கல்லாக இருந்தன. ஓட முடியவில்லை. ரேஸ்கோர்ஸ் பாதையில் நடந்தாள். எதிரே வந்தவரும் நடந்தார். டென்னிஸ் உடை போட்ட ஒருவர் கால்களை அகட்டி அகட்டி வைத்து வந்தார். புகழ்பெற்ற டாக்டர் ஒருவருடைய உடம்பு பெஞ்சில் உட்காரப் போய், பாதியில் நின்று, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொத்தென்று விழுந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் மூன்று படிகள் உண்டு. அவற்றில் இறங்க முடியாமல், நகரத்தின் பெரிய மனிதர்கள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மில் முதலாளியின் உடம்பு நொண்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றது. விதியை மீறி, அந்தக் கனத்த குரலில் கேட்டது. “என்ன அம்முணி, எறங்க முடியுதா?”

மைதிலி மேடத்தின் வாய் சிரித்தது. அந்த வாய்க்கு அப்படியொரு சிரிப்பு பழக்கமில்லை, கன்னம் வலித்தது.

தொட்டிலில் அவள் கண்ணைத் திறந்தபோது நந்தகோபன் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர் கையில் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மேசையிலும் ஒன்று அடித்தது. உதவியாளர் வாரை நீட்டினார். கோகிலவாணி கையால் அதை ஒதுக்கினாள். பக்கவாட்டில் புரண்டாள், முழங்கையை ஊன்றினாள், பாதங்களைத் தரையில் வைத்தாள். தொடை எரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்ற பிறகு, விழாமல் இருக்கிறோமா என்று வழக்கம்போல இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

வரிசையில் இன்னும் சிலர் வாரைத் தள்ளிவிட்டு முக்கிக்கொண்டிருந்தார்கள். எழ முடியாத ஒருத்திக்குப் பக்கத்துத் தொட்டில்காரி கை கொடுத்தாள்.

நந்தகோபனின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “இத்தன பேரு கால் வலின்னு போன் பண்றாங்க. யாரு ஆரம்பிச்சது? நீ எவ்வளவு தூக்கற, மொதல்ல அதச் சொல்லு.”

“எனக்குத் தெரியாதுங்க சார்” என்றாள் கோகிலவாணி. பொய் இல்லை. “எதுக்குத் தசைன்னு அன்னிக்குக் கேட்டீங்க. இப்படி எந்திரிக்கறதுக்குத்தானுங்க.”

அவர் அடுத்த தொட்டிலைப் பார்த்தார். ராக்கியப்பன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு முட்டியையும் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“அம்முணி நம்பரு எங்கிட்ட இருக்குதுங்க சார்” என்றார். “நாப்பத்தஞ்சு. வர்ற வாரம் அம்பது போடறேன்.”

கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பத்தைந்து என்று கோகிலவாணி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரிதானா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.